டியூப்பின் மறுமுனை

மார்ச் 11, செவ்வாய். தவறு: வேலியோரம் அடித்த மர முளைகளில் மண்மட்டக் குறி இரண்டு விரற்கடை உயர்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் வேலிப் பக்கம் ஓடாமல் சமையலறை வாசலுக்கு வந்தது. அப்பாவின் காலுறை நனைந்தது. என் கவனக்குறைவு.

எழுதிவிட்டு நோட்டை மூடினாள். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலே வந்தவருக்குத் தலைவலி என்று அறிந்தவள். அவள் போய் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இத்துனூண்டு இடத்தில் இரண்டு விரற்கடை கோட்டை விடுவதா? தோட்டக்கலை மாலை வகுப்பில் சேர்ந்ததே தன் தகுதிக்கு மீறிய ஆசையோ என்றுகூடத் தோன்றியது. அப்பா கெடு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் புல் பதிக்காவிட்டால் சிமென்ட். அண்ணனுக்கு பைக் நிறுத்த இடம் வேண்டுமாம்.

புதன்கிழமை வகுப்புக்குப் போகாமல் மறுபடி அளக்க நின்றாள். தண்ணீர் நிரப்பிய நீள டியூப்பின் ஒரு முனையை அண்ணன் சுவரில் இருந்த குறியோடு பிடித்துக்கொண்டான். மறுமுனையோடு அவள் முதல் முளையருகே குந்தினாள். இரண்டு வாயும் திறந்திருந்தால் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்; அதைப் பார்த்துத்தான் முளையில் கோடு.

"குறிக்கு நேரா இருக்காண்ணா?"

"இருக்கு, இருக்கு. கோடு போட்டுக்கோ, விஞ்ஞானி."

பென்சிலை வைக்கப் போனவள் டியூப்பைச் சற்றுத் தாழ்த்திப் பார்த்தாள். டியூப்புக்குள் தண்ணீர் அசையவில்லை. உயர்த்தினாள். அப்போதும் இருந்த இடத்திலேயே நின்றது. திரும்பினாள். அண்ணன் சுவரில் சாய்ந்து, ஒரு கையால் போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தான். மற்றக் கையின் கட்டைவிரல் டியூப்பின் வாயை இறுக்கி அடைத்திருந்தது.

"விரல எடு."

"எடுத்தா சட்டையெல்லாம் தண்ணி."

"ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான் பிடிச்சியா?"

"பின்ன? ரெண்டு மணி நேரம் தூண் மாதிரி நின்னிருக்கேன். ஒரு தேங்க்ஸ் உண்டா?"

ஞாயிறும் திங்களும் அந்தக் குறிகளை நம்பித்தான் முப்பது கூடை மண்ணைச் சுமந்து கொட்டி, குதிகாலால் மிதித்து மிதித்து இறுக்கியிருந்தாள். நேற்று அப்பாவின் காலுறையைப் பிழிந்துகொண்டே "மன்னிச்சிடுங்கப்பா" என்று அவள் கெஞ்சியபோது, இவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்டு அப்பா வாசலுக்கு வந்தார். அவள் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்.

"அவன் ஏதோ உதவிக்கு வந்தவன். அவனுக்கு என்னம்மா தெரியும்? படிக்கிறவ நீ. நீதான் பாத்திருக்கணும்."

"சிமென்ட் போட்டா இந்த ரோதனையே இல்லப்பா" என்று அண்ணன் சிரித்தான்.

அவள் டியூப்பை வெடுக்கென்று இழுத்தாள். தண்ணீர் அவன் சட்டையிலும் போனிலும் பீய்ச்சியடித்தது. "ஏய், லூசா நீ?" என்று அவன் அலறினான். அவள் முதல் முளையை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கி வேலியோரம் வீசினாள். அடுத்தது. அதற்கடுத்தது. பன்னிரண்டு முளைகளும் போன பிறகு, மிதித்து இறுகிய மண்ணில் பன்னிரண்டு குழிகள் வாய் திறந்து கிடந்தன. உள்ளே அண்ணன் அரிசி டப்பாவை உருட்டி நனைந்த போனை அதற்குள் புதைப்பதும், அப்பா அவனைச் சமாதானப்படுத்துவதும் கேட்டது. அவளைக் கூப்பிட யாரும் வரவில்லை.

மண் ஒட்டிய விரல்களோடு நோட்டைத் திறந்தாள். தவறு என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை.

நாளை: டியூப்பின் ஒரு முனையைச் சுவர் ஆணியில் கட்டிவிட்டு, பன்னிரண்டு முளைகளையும் தனியாக அளந்து அடிக்க வேண்டும்.