செத்தவனின் பாயிண்ட்

...கொடுத்துவிட வேண்டியதுதான், முழுசாக, ஒரு பாயிண்ட் குறையாமல், யார் வந்து கேட்கப்போகிறார்கள், என்று கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு வேல்ராஜ் மறுபடியும் முடிவெடுத்தான், ஒரகடத்திலிருந்து எடுத்த முந்தைய முடிவுகள் எல்லாம் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் கழன்று விழுந்திருந்தன. முதல் ஷிப்ட் முடிந்த களைப்பில் பஸ்ஸே வாயைப் பிளந்து தூங்க, இவன் மட்டும் ஒரு சாவை யோசித்துக்கொண்டு... நிஜச் சாவா என்றால் இல்லை, ஞாயிறுதோறும் சுங்குவார்சத்திரம் ரூமில் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் நண்பன் சக்திகுமார் ஆடிய வீரன், மொட்டைக்கத்தி முனியன், ராட்சசன் துரத்தியபோது மற்றவர்கள் தப்பட்டும் என்று குகை வாசலை அடைத்து நின்றே செத்தான். சாகடித்தது வேல்ராஜ்தான், கதையை நடத்துபவன் அவன், ராட்சசனுக்காகப் பகடை உருட்டுபவன் அவன், ஆட்ட முடிவில் லெவல் ஏற யாருக்கு எத்தனை எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட் என்று தீர்ப்புச் சொல்பவனும் அவனே. ராட்சசர்களிடம் அத்தனை கறார், ஹவுஸ் ஓனரிடம் தண்ணீர் வரவில்லை என்று சொல்லத்தான் நாக்கு எழும்பாது.

செத்தவனின் பாயிண்ட் செத்தவனோடு போச்சு, அவனை ஆடியவன் அடுத்து எடுக்கும் புது ஆள் முதல் லெவலிலிருந்துதான், இது விளையாட்டின் விதி, போன ஞாயிறு அதை வாசித்துக் காட்டியதும் இவன்தான், என்ன ஒரு கம்பீரம், ஜட்ஜ் தோற்றார். முனியன் அடைத்த வாசலால் உயிர் பிழைத்த மந்திரவாதியை ஆடிய வடக்குப்பட்டு சுபாஷ்கூட, "ரூல்னா ரூல்தான்பா, இன்னா பண்றது" என்றான். சக்தி கோபப்பட்டிருந்தால் தேவலை, பகடையை டப்பாவில் போட்டு மூடி, "இங்கயும் ஃப்ரெஷர்தானால? கம்பெனியில ஆவுறதே போதும், நான் வரல" என்று சிரித்தல்லவா வைத்தான்... அவனுக்குக் கான்ட்ராக்ட் முடியும், கொஞ்ச நாள் சும்மா இருக்கச் சொல்வார்கள், பிறகு வேறு கான்ட்ராக்டர், வேறு அட்டை, அதே அசெம்பிளி லைன், எக்ஸ்பீரியன்ஸ் மட்டும் சைபர், இப்போதும் அப்படியொரு சும்மாவில்தான் இருக்கிறான், டீக்கடையில் இல்லையென்றால் ஊருக்கு பஸ் ஏறிவிட்டான் என்று அர்த்தம். வேல்ராஜ் லைனுக்குப் புதிதாக வந்து ஸ்க்ரூ கன்னைப் பாம்பு பிடிப்பதுபோல் பிடித்து நின்றபோது, "கண்ணால பாக்காதல, காதால கேளு, ஸ்க்ரூ கோணலா இறங்குனா கன் இருமும்" என்று பக்கத்திலிருந்து சொன்னவன்... இருமியது, நிஜமாகவே இருமியது, பெர்மனென்ட் இன்டர்வியூவில் அந்த இருமலைச் சொல்லித்தான் வேல்ராஜ் கழுத்துக்கு பெர்மனென்ட் அட்டையின் நீலப் பட்டை வந்தது, சக்திக்கு இன்னும் கான்ட்ராக்ட் பச்சைதான். சரி, அதற்கும் இதற்கும் என்ன, அது பிழைப்பு, இது விளையாட்டு, போட்டுக் குழப்பாதே, கொடு, சக்தி இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் என்ன இருக்கிறது, துணி துவைப்பதும் சுபாஷின் முகமும்.

சுங்குவார்சத்திரத்தில் பஸ் நின்றது. இருந்தான், டீக்கடை பெஞ்சில் இருந்தான், பக்கத்தில் சுபாஷ். முடிவு கழன்று விழுவதற்குள் வேல்ராஜ் ரோட்டைத் தாண்டி நேராகப் போய் நின்றான்.

"சக்தி, முனியன் பாயிண்ட் பூராவும் உன் புது ஆளுக்கு. சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

"தோடா, ரூல் இன்னாச்சு?" சுபாஷ் பன்னை மென்றான்.

சக்தி டீயை ஊதினான். "பாவம் பாத்துக் கொடுக்கியோ? அவன்தான் செத்துட்டான்ல. அவன் பட்டதெல்லாம் புதுசா வந்தவனுக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லிக்குடுத்தான்ல."

"யாரு, யாருக்கு?" என்றான் சுபாஷ்.

முனியன், புது ஆளுக்கு, என்றுதான் சொல்லவேண்டும், சொல்வதற்கு வேல்ராஜ் வாயைத் திறந்தும்விட்டான், ஆனால் இந்தக் கை எப்போது கழுத்துக்குப் போனது, எதற்காக நீலப் பட்டையைச் சட்டைக்குள் திணிக்கிறது, சக்தி ஏன் டீயை ஊதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்க்கிறான்...