வாசலில் கட்டிய வேப்பிலை

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்றுநோய். கண்டி ஆஸ்பத்திரியில் முப்பத்துமூன்று முறை கரண்ட், அதுதான் கதிர் சிகிச்சை, வைக்க வேண்டும். பத்தொன்பது முடிந்ததும், இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஒரேயடியாகக் குறைந்துவிட்டன என்று டாக்டர் நிறுத்திவிட்டார். "ஒரு கிழமை வீட்டில வச்சிருங்க. அணு கூடினா திரும்பத் தொடங்கலாம். ஆளுங்கள அண்ட விடாதீங்க. காய்ச்சல் கண்டா ஒடனே இங்க வாங்க" என்றார்.

ஆட்களை அண்ட விடாமல் இருப்பதா, வீட்டோடு வீடு ஒட்டிக்கிடக்கும் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து லயத்திலா? நோயாளியைப் பார்க்காவிட்டால் எங்கள் சனத்துக்குச் சோறு இறங்காது. தோடம்பழத்தோடு வருவார்கள், கட்டிலில் உட்காருவார்கள், அவர் முகத்துக்கு நேரே இருமுவார்கள். சொல்லிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். "மூக்காயிக்குத் திமிரு" என்றார்கள். இருக்கட்டும்.

மூன்றாம் நாள் காலை, கோயிலடியில் ஒடித்த வேப்பிலைக் கொத்தை வாசலில் கட்டினேன். அம்மை வந்த வீட்டுக்குள் எவரும் காலெடுத்து வைக்கமாட்டார்கள். ஆத்தா பெயரில் பொய் சொல்கிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனாலும் கட்டினேன். இரண்டு நாள் ஈ காக்கை வரவில்லை. என் மூளையை நினைத்து எனக்குப் பெருமை வேறு.

ஐந்தாம் நாள் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். கட்டிலில், அவர் பக்கத்தில், கீழ் லயத்துச் சந்திரிகா உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் மகள். பிள்ளையின் முகமெல்லாம் கொப்புளம்.

"எங்க வீட்லயும் ஆத்தா வந்திருக்காக்கா. வேற எந்த வீட்டுக்கும் போக ஏலாது. ஒங்க வாசல்ல வேப்பிலையப் பாத்தேன், இங்க வரலாந்தானேன்னு கூழ் கொண்டாந்தேன்" என்றாள். அவர் நெற்றியைத் தடவி, "அண்ணனுக்கு இன்னும் முத்து வெளிய காணலியே" என்றாள்.

அவளை என்ன சொல்லித் திட்டுவேன்? கூப்பிட்டதே நான்தானே.

அன்றே ஆட்டோ பிடித்துக் கண்டிக்குக் கொண்டுபோனேன். டாக்டரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் ஏசவில்லை. "சின்னதில இவருக்கு அம்மை வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டார். அது என் வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. மருந்து கொடுத்துத் தனி அறையில் படுக்கவைத்தார்கள். அம்மை போடுகிறதா என்று மூன்று கிழமை பார்க்க வேண்டுமாம். கரண்ட் எப்போது என்று கேட்டேன். "மொதல்ல இதத் தாண்டட்டும்" என்றார்.

உடுப்பு எடுக்க லயத்துக்கு வந்தேன். வேப்பிலை வாடித் தொங்கியது. அவிழ்க்கக் கையைத் தூக்கினேன், முடியவில்லை. "ஆத்தா, பொய் சொன்னது நான்தான். என்னைப் புடிச்சுக்க, அவர விட்டுரு" என்று அதன் கீழேயே உட்கார்ந்து அழுதேன். லயத்துச் சனமெல்லாம் தங்கள் வாசலில் நின்று பார்த்தது. ஒருவரும் கிட்ட வரவில்லை.