என்னை நனைக்காத குளம்

எங்கள் ஊர்க் கோயில் குளம் தனக்குப் பிடிக்காதவர்களை நனைக்காது. எனக்குக் கல்யாணமான வருடத்திலிருந்து என்னை நனைத்ததில்லை. கழுத்துவரை இறங்கி நிற்பேன். மடியில் இருக்கும் தீப்பெட்டியை உரசினால் பற்றும்.

காரணம் சின்னது. தூர் வாரும்போது, பக்கத்து ஊர்க் குளத்துத் தண்ணீர்தான் ருசி என்று சொன்னேன். இதன் காதில் விழுந்துவிட்டது. சொன்னது உண்மை. உண்மைக்கு மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. குளிப்பதற்கு அடிபம்பு இருக்கிறது.

இந்த வருடம் தெப்பத்தில் முதல் வடம் பிடிக்கும் முறை எங்கள் குடும்பத்துக்கு வந்தது. ஊர்க் குடும்பங்களையெல்லாம் சுற்றி வரும் முறை. என் ஆயுசில் இன்னொரு தடவை வராது. பிடிக்கிறவன் குளத்தில் முழுகி, ஈரத் தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டும். முழுகி எழுந்தேன். நெற்றியில் திருநீறுகூடக் கலையவில்லை.

தர்மகர்த்தா வைத்திலிங்கம் பரிவட்டத்தை மடித்து வைத்தார்.

"காய்ஞ்ச தலையில கட்ட முடியாதுய்யா. மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். தண்ணிதானே?"

"தண்ணிக்கே இவ்வளவு ரோஷம்னா, சோறு திங்கிற எனக்கு இருக்காதா?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வடத்தை என் பங்காளி மாசிலாமணி பிடித்தான். அவனைக் குளம் நன்றாகவே நனைத்திருந்தது. ஆனால் தெப்பம் நகரவில்லை. ஊரே சேர்ந்து இழுத்தும் நகரவில்லை. என்னைப் பிடிக்காதே தவிர, அது முறை தெரிந்த குளம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் பாசி வாடை அடித்தது. குளம் வந்து நின்றது. நடுவில் தெப்பம், தெப்பத்தில் சாமி, பக்கத்தில் தர்மகர்த்தா. ஓரமாக, தலை துவட்டாமல் மாசிலாமணி.

"அதுவே தேடி வந்துடுச்சு. மனசு வைங்கண்ணே," என்றார், காலையில் 'ய்யா' போட்டவர்.

"எந்த ஊர்த் தண்ணி ருசின்னு அதுகிட்டயே கேளுங்க."

குளத்திலிருந்த மீன்களெல்லாம் பக்கத்து ஊர்ப் பக்கம் திரும்பின.

"உள்ள வரச் சொல்லுங்க," என்றேன்.

குளம் தன் படிக்கட்டுகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தது. என் மனைவி அதற்கு மோர் கொடுத்தாள். நான் தலையைக் குனியவில்லை. அதுதான் எக்கி நனைத்தது. பரிவட்டம் கட்டிக்கொண்டு வடத்தைத் தொட்டேன். தெப்பம் அடுப்படிவரை போய்த் திரும்பியது.

வெளியே கிடந்த படிக்கட்டுகளுக்கு மாசிலாமணி காவல் நின்றான்.