ஒன்பதாம் வகுப்பு சி பிரிவு அளந்தது

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் "அளந்து பாத்தீங்களா?" என்று கேட்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். சோலார் பேனல் பொருத்தும் நிறுவனம் ஒன்றில் பராமரிப்பு இன்ஜினியர். ஆறு வருடமாக மொட்டை மாடிகளில்தான் அவள் பிழைப்பு. மேடைப் பேச்சுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

ஆனாலும், பள்ளிக்கூடத்தில் பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் வேலை அவள் தலையில் விழுந்தது.

"நாப்பது நிமிஷம்தான்," என்று மேலாளர் ஒரு பென்டிரைவை நீட்டினார். "ஸ்லைடுல இருக்கறத வாசிச்சா போதும். பசங்க கை தட்டுவாங்க. போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க. நாம பேனல் போட்டுக் குடுத்த ஸ்கூல் அது. நம்ம புக்லெட்டுல முதல் பக்கமே அதுதான்."

"கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணோம்?"

"அதெல்லாம் ஜம்முனு ஓடுது. நீங்க பேசிட்டு வாங்க."

பள்ளியின் தாழ்வாரத்தில் ஒரு பெரிய பச்சைப் பலகை தொங்கியது. சூரிய மின்சாரத்தால் அந்தப் பள்ளி இரண்டு வருடத்தில் எத்தனை மரங்களைக் காப்பாற்றியது என்று அதில் எழுதியிருந்தது. நிறுவனம் கொடுத்த பலகை. மரத்தை எப்படி எண்ணினார்கள் என்று அவளுக்கு அப்போதே கை ஊறியது.

அரங்கில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். அறிவியல் ஆசிரியை காதோடு சொன்னார்: "ஏ, பி செக்‌ஷனுக்கு டெஸ்ட் நடக்குது மேடம். இது சி. கொஞ்சம் சுமாரான பசங்க. ரொம்ப ஆழமா போயிடாதீங்க."

முன்வரிசைப் பிள்ளைகளுக்கு அது கேட்டுவிட்டது. கேட்டுப் பழகிய முகங்கள். ஒருத்தரும் அசையவில்லை.

முதல் ஸ்லைடில் ஹெல்மெட் போட்ட நாலு பேர் வானத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவதில் 'எதிர்காலம் உங்கள் கையில்' என்று இருந்தது. மூன்றாவது வந்தபோது பின்வரிசையில் ஒரு கொட்டாவி கிளம்பி வரிசை வரிசையாக முன்னால் வந்தது. மீட்டருக்கே கொட்டாவி வந்தது.

அப்போதுதான் ஒரு பெண் கையைத் தூக்கினாள். வகுப்பே சிரித்தது. "ரேடியோ ஆரம்பிச்சுட்டா," என்றான் ஒருவன். வாய் ஓயாததால் அவளுக்கு அந்தப் பெயர்.

"அக்கா, எங்க மாடியிலயும் பேனல் இருக்கு. ஆனா கரண்டு போனா எங்க ஃபேன் ஏன் நிக்குது?"

"நல்ல கேள்வி. வெளிக் கரண்டோட சேர்ந்து ஓடற மாதிரி கட்டினது அது. லைன்ல வேலை பாக்கறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுல்ல, அதனால வெளிக் கரண்டு போனா இதுவும் தானா நின்னுடும்."

ரேடியோ உட்காரவில்லை. "சரி. கரண்டு இருக்கும்போது ஓடுதா? மாடிப்படி மேல ஒரு பெட்டி இருக்கு. அதுல லைட் எரிஞ்சு நான் பாத்ததே இல்ல. ஆறாங்கிளாஸ் பசங்களோட பந்தயமே கட்டியிருக்கேன்."

மீட்டர் ஸ்லைடை நிறுத்தினாள். "அளந்து பாத்துடலாமா?"

தலைமையாசிரியர் வாசலிலேயே மறித்தார். "மாடிக்கெல்லாம் பிள்ளைங்கள விடறதில்லம்மா. ஹால்லயே முடிச்சுக்குங்க."

"கைப்பிடிச் சுவர் நெஞ்சளவுக்கு இருக்கு சார். வரும்போதே பாத்தேன். நான் போடற கோட்டத் தாண்டி ஒருத்தரும் வர மாட்டாங்க. இன்ஜினியர் என்ன வேலை செய்வாங்கன்னு காட்டத்தானே கூப்பிட்டீங்க?"

அறிவியல் ஆசிரியை ஒரு கணம் தயங்கினார். பிறகு சாவியைத் தன் கைப்பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்.

மாடியில் பத்து பேனல்கள் விரல் கனத் தூசியோடு கிடந்தன. புறாக்கள் குடித்தனமே நடத்தியிருந்தன. மீட்டர் சாக்பீஸால் தரையில் கோடு கிழித்து, பிள்ளைகளை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, எப்போதும் தோள்பையில் கிடக்கும் ரப்பர் கையுறையை மாட்டி, வோல்ட் அளக்கும் கருவியை எடுத்தாள்.

"ஒரு பேனலுக்கு நாப்பத்தஞ்சு வோல்ட். பத்தும் வரிசையா கோத்திருக்கு. எவ்வளவு வரணும்?"

"நானூத்தி அம்பது," என்றது கூட்டம்.

"அது ஆளைக் கொல்ற அளவு. அதனால கம்பிய நான் பிடிக்கறேன். எண்ண நீங்க வாசிங்க."

கொட்டாவி விட்ட பையன்தான் எட்டிப் பார்த்து வாசித்தான். "நானூத்தி எட்டு." பிறகு அவனே கேட்டான்: "மிச்சம் எங்க போச்சு?"

"பேனல் சூடாக ஆக வோல்ட் குறையும். தொட்டுப் பாக்காத, சுடும். ஆக, பேனல் மேல தப்பில்ல."

பெட்டிக்குக் கீழே இருந்த சுவிட்சு அணைந்தே கிடந்தது. அதைப் போட்டாள். திரை விழித்து ஒரே வரி காட்டியது: வெளி மின்சாரம் கிடைக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல கரண்டு இருக்கே," என்றாள் ரேடியோ.

"அப்ப என்ன பண்ணணும்?"

ரேடியோ பெட்டியிலிருந்து கிளம்பிய கம்பிக் குழாயைப் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். நாற்பது பேரும் பின்னால் இறங்கினார்கள். சுவரோரம் ஓடிய குழாய் இரண்டு மாடி இறங்கி, நூலகத்தைத் தாண்டி, தலைமையாசிரியர் அறைக்கு அடுத்திருந்த மெயின் போர்டு அறைக்குள் நுழைந்தது. அங்கே ஓர் இரும்பு அலமாரிக்குப் பின்னால் கம்பி சுருட்டப்பட்டு, முனையில் டேப் ஒட்டி, ஆணியில் தொங்கியது. எதிலும் சேரவில்லை. இரண்டு வருடமாக ஒரு பல்பு எரிகிற அளவுகூட அந்த மாடியிலிருந்து கீழே வந்ததில்லை.

கொட்டாவிப் பையன் மெதுவாகக் கேட்டான்: "அப்ப அந்த மரமெல்லாம்?"

தலைமையாசிரியரின் முகம் சுருங்கியது. "கனெக்‌ஷன் குடுக்க கரண்டு ஆபீஸ்ல இருந்து ஒரு கையெழுத்து வரணும்னு உங்க ஆளுங்கதான் சொன்னாங்க. நானும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். திடீர்னு பலகைய மாட்டிட்டுப் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் என்னம்மா பண்றது?"

அவள் மேலாளருக்கு ஃபோன் போட்டாள். அவர் குரல் பஞ்சு போல வந்தது. "தெரியும் மீட்டர். அடுத்த மாசம் பாத்துக்கலாம். பசங்ககிட்ட ஏதாவது சொல்லிச் சமாளிச்சுட்டு வாங்க."

"என்ன சொல்றது சார்?"

"மழைக்காலத்துல பழுதாயிடுச்சுன்னு சொல்லுங்க. சின்னப் பசங்க, அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

அவள் நாற்பது பேரையும் பார்த்தாள். இந்தக் குரலை அவளுக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் சேரப் போனபோது "பொண்ணுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா?" என்று அங்கிருந்தவர் கேட்டதும் இதே பஞ்சுக் குரல்தான்.

ஃபோனை அணைத்தாள்.

"இன்ஜினியர் ஆகறதுக்கு என்ன படிக்கணும்னு கடைசி ஸ்லைடுல போட்டிருக்கு. அத அப்புறம் சொல்றேன். இப்ப வேலையச் சொல்றேன். அளக்கறது பாதி வேலை. அளந்ததை எழுதிக் கீழ கையெழுத்துப் போடறது மீதி. எழுதுங்க."

பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதினார்கள். "ஏமாத்திட்டாங்கன்னு எழுதவா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அத நீ அளந்தியா?"

"இல்ல."

"பாத்தத மட்டும் எழுது. அதுவே போதும்."

நானூற்று எட்டு வோல்ட். திரையில் வந்த வரி. அலமாரிக்குப் பின்னால் கம்பி, எதிலும் சேரவில்லை. தேதி, நேரம். நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மீட்டர் தன் பெயரையும் பதவியையும் நிறுவனத்தின் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். தலைமையாசிரியர் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தானும் போட்டார். பச்சைப் பலகையின் நடுவில் அதை ஒட்டியது அறிவியல் ஆசிரியை.

சாயங்காலம் வீட்டில் கணவன் தையல் மிஷினில் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை மிஷின் ஓடவில்லை.

"வேலைக்கு வேட்டு வச்சுட்டியா?"

"தெரியல."

"கையெழுத்து பேனாவுலயா, பென்சில்லயா?"

"பேனாவுலதான்."

"அப்ப அழிக்க முடியாது. வா, சாப்பிடு."

மறுநாள் மேலாளர் மேஜையில் அந்தத் தாளின் படம் இருந்தது. பெற்றோர்கள் ஃபோனிலிருந்து ஃபோனுக்கு அனுப்பி அது ஊரையே சுற்றி வந்திருந்தது. "மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க," என்றார். "அளவு தப்புன்னு ஒரு வரி. மத்தத நான் பாத்துக்கறேன்."

"தப்புன்னா வாங்க சார், திரும்ப அளக்கலாம். நாப்பது சாட்சி இருக்கு."

அவளை மாடி வேலையிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டார்கள். பெட்டிகளை எண்ணும் வேலை. நாலாம் நாள், இரண்டு வருடமாக வராத கையெழுத்து எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. ஒரு வேன் பள்ளிக்குப் போய்க் கம்பியைச் சேர்த்துவிட்டு வந்தது. ஆனால் அவளை ஸ்டோரிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. இனி எந்தப் பள்ளிக்கும் நிறுவனத்தின் சார்பில் போகக் கூடாது என்று ஒரு தாள் மட்டும் வந்தது.

அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

"நிறுவனத்தோட சார்புலன்னு போட்டிருக்கீங்க. சனிக்கிழமை எனக்கு லீவு. பி செக்‌ஷன் பசங்க கூப்பிட்டிருக்காங்க, சி செக்‌ஷன்தான் பாடம் எடுக்கப்போகுதாம், கூட நிக்கணுமாம். என் சார்புல போறேன்."

மேலாளர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள், எண்ண வேண்டிய பெட்டிகள் இன்னும் இருநூறு இருக்கின்றன என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.