கூடத்துக் கடல்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், என் அக்கா வீட்டுக் கூடத்தில், முன்பு டிவி இருந்த இடத்தில், பவளமும் மீன்களுமாகக் கடல் ஒன்று நிறுவப்பட்டுள்ளது. அதைத் ‘தொட்டி’ என்று குறிப்பிடும் விருந்தாளிகளுக்கு அக்காவின் கணவர், அதாவது என் மாமா, நாற்காலி காட்டமாட்டார்.

அக்காவின் அறிவிப்பு வேறு. “அந்தச் செவப்புப் பவளம் வெளுத்துச்சுன்னா, மறுநாள் இங்க டிவி இருக்கும்.”

பவளம் வளர உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மாமா தினமும் சின்னக் குழாயில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். ரோஜா நிறம் நீலமாக எத்தனை சொட்டு பிடிக்கிறதோ, அத்தனை சத்து. முகத்தில் அப்போது ராக்கெட் விடுகிறவரின் களை இருக்கும். குப்பியை மட்டும் மூடமாட்டார். பற்பசை, பேனா, எதையும் மூடிய பரம்பரை இல்லை.

சொட்டு குறைந்துகொண்டே வந்தது. சுண்ணாம்புக் கரைசல் ஊற்றினார். மறுநாள் இன்னும் குறைந்தது. இன்னும் ஊற்றினார்.

“உள்ள ஏதோ குடிக்குதுடா,” என்றார் என்னிடம், அதற்குக் கேட்டுவிடப் போகிறது என்பதுபோல.

“கூடத் தொட்டுக்க ஏதாச்சும் கேக்குதா மாமா?”

அவர் சிரிக்கவில்லை. சில நாளில் எனக்கும் சிரிப்பு வரவில்லை. தண்ணீருக்குள் வெள்ளையாகப் பொடி பெய்தது. மீன்களெல்லாம் ஒரு மூலையில் ஒடுங்கி ஒரே பாறையைப் பார்த்தன. அந்தப் பாறைக்குப் பின்னாலிருந்து சத்தம். டொக். டொக். வெளியே நிற்பவன் பொறுமையாகக் கதவு தட்டுவதுபோல.

“யாரு?” என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து.

டொக்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சிவப்புப் பவளத்தின் நுனி எலும்பு நிறத்துக்கு வந்துவிட்டது. மாமா கரைசலைக் கேனோடு தூக்கினார். “குடிச்சுத் தொலையட்டும்!”

“இருங்க,” என்றாள் அக்கா. அவள் கையில் சோதனைக் குப்பி. “இதென்ன, மூடியே இல்லாம, காஞ்சு பாகு மாதிரி கெடக்கு?”

மாமா கேனை இறக்கினார். மருந்து சுண்டிக் கெட்டியாகியிருக்கிறது. கெட்டி மருந்தில் ரெண்டு சொட்டே நாலு சொட்டு வேலை செய்யும். தண்ணீரில் எதுவும் குறையவே இல்லை, குடித்தவர் யாருமில்லை. ஊற்றிய சுண்ணாம்பெல்லாம் பொடியாகக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

“அப்ப தட்டுனது?” என்றேன்.

“பாறைக்குப் பின்னாடி தண்ணியச் சுத்த விடுற மோட்டார்டா. சுண்ணாம்பு படிஞ்சு இறக்கை இடிக்குது.” அசட்டுச் சிரிப்போடு பிளக்கைப் பிடுங்கினார்.

தண்ணீர் அசையாமல் நின்றது. மூன்று பேரும் மூச்சு விட்டோம்.

டொக்.

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். மாமா தன் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். மீன்கள் பாறையைப் பார்த்தன. பவளம் அடிவரை வெளுத்திருந்தது.

தொட்டி விற்பனைக்கு உள்ளது.