ஜக்கம்மாள் ஏறிய புல்லட்

அருள்பாண்டியின் ஜீப்பு நான்கு நாளாகப் பட்டறையில் கிடந்தது. இன்ஜினைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்துவிட்டார் மெக்கானிக் முத்துக்கண்ணன். சாமான் வாங்க மதுரைக்குப் போக வேண்டும், பணம் வந்தால் கிளம்புவேன் என்றார்.

பணம் சீட்டில் எடுத்தாகிவிட்டது. அருள்பாண்டியின் சட்டைக்குள், வயிற்றை ஒட்டி, மஞ்சள் பையில் இருந்தது. அதைக் கொடுக்கத்தான் கிளம்பினான். பட்டறை திறக்க எட்டாகும். அவன் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டான். வழியில் அழகுமலையின் வீடு இருந்தது. இரண்டு தெரு சுற்றிப் போனால் அதுவும் வழிதான்.

அழகுமலை போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் போய்விட்டது. உதைத்துக் கிளப்ப முடியவில்லை என்று தன் கறுப்பு புல்லட்டை விற்கிறார். அந்த வண்டியைப் பன்னிரண்டு வருடமாக அருள்பாண்டி பின்னாலிருந்து பார்த்திருக்கிறான். ஜீப்பு முக்கி முனகி ஏறும் வளைவில் அது தன்பாட்டுக்கு டுபுடுபுவென்று போகும்.

முந்தின நாள் மனைவி தேவியிடம் சொல்லிப் பார்த்தான். அவள் தோசைக் கரண்டியை நிறுத்தவில்லை.

"ஒண்ணு ஜீப்பு, இல்ல புல்லட்டு. ரெண்டுக்கும் காசு காணாது. வாங்கணும்னா வாங்கு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஜக்கம்மாக்காகிட்ட நீயே சொல்லிரு."

அதுதான் சிக்கல். ஜக்கம்மாள் சொன்னால் பதினான்கு பெண்கள் வருவார்கள். விடியலில் அவர்களை ஏற்றிப்போய் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காட்டில் விடுவதும், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவதும்தான் அவன் பிழைப்பு. இப்போது விஜயகுமார் ஜீப்பில் போகிறார்கள். விஜயகுமார் புதிதாக வண்டி வாங்கியவன். அவனுக்கென்று ஆள் இன்னும் சேரவில்லை. ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அருள்பாண்டி பெண்களிடம் சொல்லியிருந்தான். காய் எடுப்பு தொடங்கப் போகிறது. அந்த நேரத்தில் ஆள் கை மாறினால் மாறியதுதான்.

அழகுமலை வாசலிலேயே நின்றார். சாவியை நீட்டினார்.

"சும்மா மெட்டு வரைக்கும் போயிட்டு வா அப்பு. சமதரையில ஓட்டுனா இதோட அரும தெரியாது."

"வேணாம்ணே. பட்டறையில சோலி கெடக்கு."

"பட்டறை எங்க ஓடவா போகுது?"

முந்தல் தாண்டி மலை தொடங்கியது. வண்டி ஏறவில்லை, நடந்து போனது, அவ்வளவு நிதானம். பனி முகத்தில் அடித்தது. மூன்றாவது வளைவில் சிரிக்கத் தொடங்கியவனால் நிறுத்த முடியவில்லை. ஏழாவது வளைவில், பழக்கத்தில், "யக்கா, கைய உள்ள வைங்க!" என்று கத்தினான். பாறையில் உட்கார்ந்திருந்த குரங்கு திரும்பிப் பார்த்தது.

மெட்டில் சோதனைச் சாவடி. ஜீப்பில் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் ஓரங்கட்டுவார்கள். அதனால் தினமும் நான்கு பேர் சாவடிக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்வார்கள். வண்டி தாண்டிப் போய் மரத்தடியில் நிற்கும். நால்வரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்போல நடந்துவந்து ஏறிக்கொள்வார்கள்.

அருள்பாண்டி சாவடியைத் தாண்டினான். மரத்தடியில் புல்லட்டை நிறுத்தினான். இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தான். ஐந்து நிமிடம் ஆனது. என்ன இன்றைக்கு இவ்வளவு நேரம் என்று எரிச்சல்கூட வந்தது.

நான்கு பேர் நடந்து வந்தார்கள். முன்னால் ஜக்கம்மாள், பின்னால் முனியாயி, இன்னும் இருவர். விஜயகுமாரின் ஜீப்பு சாவடியில் நின்றது.

"என்னப்பா பாண்டி, இங்க நிக்கிற?" என்றாள் ஜக்கம்மாள்.

"ஒங்களுக்காகத்தான்க்கா."

சொன்ன பிறகுதான் அதிலிருந்த கோளாறு அவனுக்கே விளங்கியது. முனியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க நாலு பேரயும் இதுலயா ஏத்தப்போற? யாரு வண்டி?" என்றாள் ஜக்கம்மாள்.

"கணக்குப்பிள்ள வண்டி. பாக்கச் சொன்னாரு."

"பாக்குறதுக்கா பதினேழு வளைவு ஏறி வந்த?"

"வாங்கலாமான்னு ஒரு நெனப்பு."

சொல்லியாயிற்று. திட்டு விழட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

ஜக்கம்மாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சீட்டை அமுக்கிப் பார்த்தாள். தூக்குவாளியை முனியாயியிடம் கொடுத்தாள்.

"எடு. தோட்டம் வரைக்கும் நான் இதுல வாறேன்."

"யக்கா, ஜீப்பு..."

"அது பின்னால வரும். வெரசா எடுடா."

ஐம்பத்தைந்து வயது ஜக்கம்மாள் ரப்பர் பூட்ஸுடன் ஏறி உட்கார்ந்தாள். இடுப்பில் மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடத்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் போட்ட கூச்சல் ஏலக்காட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. ஒரு தோட்டத்து வாசலில் மலையாளக் காவல்காரர் கையைத் தூக்கினார்.

"எந்தா சேச்சி, புதிய வண்டியோ?"

"ஆமா, மாப்ளயும் புதுசுதான்!"

அருள்பாண்டிக்குக் காது சிவந்தது. வண்டியை இன்னும் கொஞ்சம் முறுக்கினான்.

தோட்டத்து வாசலில் இறங்கிய ஜக்கம்மாள் தலைத்துண்டைச் சரிசெய்தாள்.

"நல்லாருக்குடா. வாங்கிப்போடு."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. "அப்ப ஜீப்பு?"

"கெடக்கட்டும். நாங்க விஜயகுமாரு வண்டியிலயே போய்க்கிறோம். நல்ல பய. சீட்டுக்கு மெத்த வச்சிருக்கான், பாட்டு போடுறான். எங்களுக்காக நீ யோசிக்காத."

அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விஜயகுமாரின் ஜீப்பு வந்து நின்றது. பெண்கள் பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டே இறங்கினார்கள். முனியாயியும் பாடினாள். பன்னிரண்டு வருடத்தில் முனியாயி அவன் ஜீப்பில் வாந்திதான் எடுத்திருக்கிறாள். பாடியதில்லை.

மலை இறங்கும்போது பனி விலகிவிட்டது. கீழே போடி முழுக்கத் தெரிந்தது. அருள்பாண்டி எதையும் பார்க்கவில்லை.

"எப்பிடி அப்பு?" என்றார் அழகுமலை.

"வண்டி தங்கம்ணே."

"அப்ப முடிச்சிருவமா?"

அவன் கை வயிற்றுக்குப் போனது. பை வேர்வையில் நனைந்திருந்தது. கையை எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தான்.

"வேற ஆளு வந்தா குடுத்துருங்கண்ணே." தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தான். "ஒருவேள யாரும் வரலேன்னா, ஒரு போன் போடுங்க."

முத்துக்கண்ணன் அப்போதுதான் பட்டறைக் கதவை ஏற்றிக்கொண்டிருந்தார். அருள்பாண்டி பையை அவர் கையில் திணித்தான்.

"இப்பவே மதுரைக்குக் கெளம்புங்கண்ணே. திங்கக்கெழம நான் ஜக்கம்மாக்கா வீட்டு முன்னால ஆரன் அடிக்கணும்."

"இன்ஜின் வேல மட்டும்தான?"

"சீட்டுக்கு மெத்த வேணும். அப்பறம் பாட்டுக்கு ஸ்பீக்கரு. விஜயகுமாரு ரெண்டு மாட்டியிருக்கான். நமக்கு நாலு."

"ஏம்ப்பா, வண்டி ஓடணுமா, பாடணுமா?"

"முனியாயி பாடணும்ணே."

முத்துக்கண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. வாங்க வேண்டிய சாமான் பட்டியலின் கடைசியில், ஸ்பீக்கர் நான்கு என்று எழுதிக்கொண்டார்.