தாலியோடு வைத்த கொடி

மூன்றாவது அடகுப் பக்கற்றைப் பிரித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தாவதில் சிரிப்பு நின்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் எடுக்காது. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் லிஃப்ட்டைத் திருத்த வருகிறவன்கூட என் குரல் கேட்டால் படியால் இறங்கிவிடுவான்.

நான் சுபோதினி. இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றில் வேலை. நட்டஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது உண்மையா புளுகா என்று தோண்டுவது என் தொழில். பொற்கமலம் பினான்ஸ் என்ற அடகுக் கம்பனி எங்களிடம் கோடிக்கணக்கில் கேட்டிருந்தது. கொட்டாஞ்சேனைக் கிளையில் பெட்டகத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜீவராணி என்ற பெண், சனங்கள் அடகு வைத்த அசல் நகைகளை எடுத்துவிட்டு முலாம் பூசிய போலிகளை வைத்துவிட்டாளாம். அவளை ரிமாண்ட்டில் போட்டிருந்தார்கள். நான் ‘ஓம், அப்படித்தான்’ என்று அறிக்கை எழுதினால் கம்பனிக்குக் காசு வரும், அவளுக்குச் சிறை.

முதல்நாள் அவளைச் சிறையில் பார்த்திருந்தேன். மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியேறிய குடும்பம். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் சொறி.

“மேடம், தாலிக்கொடி பாக்கெட்டு எல்லாம் ஹெட் ஆபீஸ்ல இருந்து சீல் வெச்சுத்தான் வந்துச்சு. சைன் வெய்யின்னாங்க, வெச்சேன். நான் ஒண்ணும் எடுக்கல மேடம். வெளிய வருவேனா?”

இப்படிச் சொல்லாத கள்ளரை நான் கண்டதில்லை. பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது பெட்டக அறையில், மேசை நிறையத் தாலிக்கொடிகள். ஒவ்வொரு கொடியிலும் தாலி கோத்தபடியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் சிரித்தேன். எங்கள் பெண்களுக்குப் பணமுடை வந்தால் கொடி போகும், தாலி போகாது. தாலியைக் கழற்றி, மஞ்சள் பூசிய நூலில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு, வெறுங்கொடியைத்தான் கடைக்காரனிடம் நீட்டுவோம். நானே இரண்டு தரம் அப்படி வைத்தவள். புருஷன் உயிரோடு இருக்கும்போது தாலியைத் தராசில் போடுகிறவள் யார்?

ஆகவே இவை ஒருத்தியின் கழுத்திலும் ஏறாதவை. அடகு வைக்க ஒருவரும் வரவேயில்லை. இல்லாத ஆட்களின் பெயரில் கடன் எழுதி, வைப்புப் போட்ட சனங்களின் காசைத் தலைமையலுவலகம் விழுங்கியிருக்கிறது. கணக்கு நேராக இருக்கப் பெட்டகத்தில் போலி நகை. கடைசியில் பழிக்கு ஒரு ஏழைப் பெண்.

பொது முகாமையாளர் சுகிர்தன் உள்ளே வந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன். ஊர் யாழ்ப்பாணம், கோட்டு கொழும்பு.

“என்ன அக்கா, முடிஞ்சுதோ?”

“தம்பி, உங்கட மனிசி எப்பவாவது கொடி அடகு வைச்சவவோ?”

“சீ, எங்களுக்கு என்னத்துக்கு அந்த நிலைமை?”

“அதுதான் பிழைச்சுப் போச்சு. மனிசியிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, தாலியைக் கழட்டிப்போட்டு வைச்சிருப்பீங்கள்.”

அவன் முகம் சுருங்கியது. ஆனால் ஆள் கெட்டிக்காரன். கதவை மெல்லச் சாத்தினான்.

“விசர்க்கதை கதைக்காதேங்கோ அக்கா. இதெல்லாத்தையும் இப்ப செட்டியார் தெரு நகைப் பட்டறைக்கு அனுப்புறம். உருக்கிப் பார்த்து ரிப்போர்ட் எடுக்க. நீங்கள் உங்கட ரிப்போர்ட்டை எழுதுங்கோ. உங்கட மகள் மெல்பேர்னுக்குப் படிக்கப் போறாவாம். செலவு கனக்க வரும், என்ன?”

என் மகளின் பெயரை அவன் வாயில் எடுத்திருந்தால் செருப்பு கழன்றிருக்கும். அவன் பெயரைச் சொல்லவில்லை. நான் படமெடுத்திருந்த கைபேசியை வாசலில் நின்ற தடியன் ‘தவறுதலாக’ தட்டிவிட்டு, தவறுதலாக மிதித்தான். பக்கற்றுகளை ஒரு பெட்டியில் அள்ளி, வெளியே நின்ற வெள்ளை வானில் ஏற்றினார்கள். உருக்கினால் கொடியும் இல்லை, தாலியும் இல்லை, ஒரு கட்டி உலோகம்தான். அதை வைத்து ஜீவராணியை யார் வெளியே எடுப்பது?

தெருவில் பிறெடியின் த்ரீவீல் நின்றது. காலையில் என்னைக் கொண்டுவந்து விட்டவன், கூலி போதாதென்று இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

“அந்த வானைப் பிடி!”

“மிஸ், போலீஸ் கேஸா?”

“கேட்டுக்கொண்டு நிண்டா உன்ர கேஸ்தான் முதல். விடு!”

விட்டான் ஐயா, விட்டான். ஜம்பட்டா வீதியில் மீன் கூடைக்காரன் ஒருவன் எங்கள் பரம்பரை முழுவதையும் சிங்களத்தில் திட்டினான். பஸ்ஸுக்கும் மதிலுக்கும் நடுவே நுழைந்தபோது பக்கக் கண்ணாடி ஒன்று பிய்ந்து போனது. “ஐயோ என்ட கண்ணாடி!” என்று பிறெடி அலறினானே தவிர வேகத்தைக் குறைக்கவில்லை. ஆனாலும் வான் வானே, த்ரீவீல் த்ரீவீலே. எங்களுக்கும் அதற்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது.

அன்று செவ்வாய்க்கிழமை என்பது கொச்சிக்கடைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. செவ்வாய் அந்தோனியாரின் நாள். கோயிலைச் சுற்றி மெழுகுதிரியும் பூமாலையுமாகச் சனம். சைவம், வேதம், புத்தம் எல்லாம் ஒரே வரிசையில். வான் அதற்குள் போய்ச் சிக்கி, ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. நான் இறங்கி ஓடினேன். ஐம்பதை நெருங்குகிற உடம்பு, சேலை வேறு. ஓடிப் போய் வானுக்கு முன்னால் நின்றேன்.

தடியன் இறங்கி என் கையை முறுக்கினான். தோளில் ஏதோ ‘சடக்’ என்றது. மற்றக் கையால் நான் ஓட்டுநரின் யன்னலுக்குள் பாய்ந்து சாவியைப் பிடுங்கிவிட்டேன். “ஹொரு! ஹொரு!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். கள்ளர் என்ற சொல்லைச் சிங்களத்தில் கேட்டால் கொழும்பில் யாரும் சும்மா போகமாட்டார்கள். தடியன் என் கன்னத்தில் ஒன்று வைத்தான். வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. பிறெடி பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினான்.

“மொகத மே?”, என்ன இது, என்று கோயில் வாசலில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் ஓடிவந்தார். சாவியை அவர் கையில் வைத்துவிட்டுத்தான் நான் நிலத்தில் இருந்தேன்.

பெட்டி நீதிமன்றப் பொறுப்பில் சீல் வைக்கப்பட்டது. பக்கற்றுகளில் இருந்த பெயர் விலாசங்களைப் பொலிஸ் தேடிப் போனது. ஒரு வீட்டில் சலூன், இன்னொன்று வெறுங்காணி. உண்மையில் இருந்த ஒரே ஆள், கொட்டாஞ்சேனையில் நளீபா என்ற பெண். அவரோ, அடகுக் கடைப் பக்கமே போனதில்லை என்று சொல்லிவிட்டார்.

ஜீவராணியின் பிணை மனு வந்த அன்று தோளில் கட்டோடு நீதிமன்றம் போனேன். அவளுடைய அம்மா பழனியம்மாவும் அப்பா இராமரும் கடைசி வாங்குப் பலகையில் ஒருவரையொருவர் ஒட்டி இருந்தார்கள். பொற்கமலம் கம்பனியின் சட்டத்தரணி எழுந்தார்.

“கஷ்ட காலத்தில் சனம் எதையும் விற்கும். தமிழ்ப் பெண்கள் தாலியை அடகு வைக்கமாட்டார்கள் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?”

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. நீதவான் அம்மாவிடம் அனுமதி கேட்டு, பிரித்து வைத்திருந்த பக்கற்றுகளில் தேடி ஒன்றை எடுத்தேன். மற்றவற்றைவிட மெல்லிய செயின், சின்னத் தாலி. இருந்த ஆத்திரத்தில் அதையெல்லாம் நான் நிதானித்துப் பார்க்கவில்லை. மேலே இருந்த பெயர்தான் எனக்கு வேண்டியிருந்தது.

“வைச்சவவின்ர பேர் நளீபா. உள்ள இருக்கிறது அம்மன் தாலி. முஸ்லிம் பெண்ணின்ர கழுத்தில அம்மன் தாலியைக் கட்டின மாப்பிள்ளை ஆர் எண்டு இந்த ஐயா சொல்லட்டும்!”

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்குமுன்னே தமிழ் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு நீதவானும் சிரித்தார். “தமிழ்ப் பெண் எவளும் தாலியைத் தராசில போடமாட்டாள் அம்மா, செத்தாலும்,” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஜீவராணிக்குப் பிணை கிடைத்தது. சுகிர்தனைச் சந்தேகநபராகச் சேர்க்கச் சொன்னார்கள். என் சத்தியப் பிரமாண வாக்குமூலத்தைத் திங்கட்கிழமைக்கு வைத்தார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் ஜீவராணி வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, நடுவில் சேலைத் திரை. திரைக்குப் பின்னால் இராமர் படுத்திருந்தார். நான் கதிரையில் இருந்து, கோர்ட்டில் கொடுத்த கொடுப்பை மறுபடி சொல்லிச் சிரித்தேன். எவரும் சிரிக்கவில்லை. ஜீவராணி அழத் தொடங்கினாள்.

“மேடம், அந்த நளீபாக்கா பாக்கெட்டு... அது எங்கம்மாவோடது.”

எனக்கு விளங்கவில்லை. பழனியம்மா சட்டைக்குள்ளிருந்து மஞ்சள் நூலை வெளியே இழுத்தார். அதில் தாலி இல்லை. ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு மட்டும் கட்டியிருந்தது.

“இவருக்குக் கிட்னி மருந்து ஆஸ்பத்திரில இல்லாத நேரம் தாயி. வெளிய வாங்கச் சொன்னாங்க. என்கிட்ட பெரிய கொடியா இருந்துச்சு? நூலு மாதிரி ஒரு செயினு. அது பத்தல. தாலியையும் சேத்துப் போட்டாத்தான் மருந்து வந்துச்சு. ஆளு இருந்தாத்தான தாலி?”

“ஸ்டாஃப் வீட்டு ஆளுங்க அங்க அடகு வெக்கக் கூடாது மேடம்,” என்றாள் ஜீவராணி. “பக்கத்து வீட்டு நளீபாக்கா ஐடெண்டிட்டி கார்டு குடுத்தாங்க. அவங்க பேருல நான்தான் எழுதினேன். போலீஸ் வந்தப்ப தெரியாதுன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. எந்தப் பெண்ணும் வைக்கமாட்டாள் என்று நான் மார்தட்டியபோது, வைத்தவள் கடைசி வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சனம் சிரித்த சிரிப்பையும் கேட்டிருக்கிறாள்.

“திங்கக்கிழமை நான் கோர்ட்டில சொல்லுறன். அது அசல் எண்டு சொல்லி எடுத்துத் தாறன்.”

“பேரு மாத்தி எழுதினது நான் மேடம். சொன்னா அந்த லோயர் எல்லாமே நான் எழுதினதுன்னு சொல்லிருவாரு. திரும்ப உள்ள போட்டுருவாங்க.” அவள் கையிலிருந்த சொறியைத் தேய்த்தாள். “அங்க என்னால முடியாது மேடம்.”

பழனியம்மா என் கட்டுப் போட்ட தோளை மெல்லத் தடவினார்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தாயி. அது என்னுது இல்ல. புள்ளதான் என்னுது.”

திங்கட்கிழமை சத்தியம் செய்து கூண்டில் ஏறினேன். சுகிர்தன் பிணையில் வந்து, புதுக் கோட்டோடு முன்வரிசையில் இருந்தான். அவனுடைய சட்டத்தரணி அந்தச் சின்னத் தாலியைத் தூக்கிக் காட்டினார்.

“இதையும் எந்தப் பெண்ணும் கட்டியதில்லை என்று சத்தியமாகச் சொல்கிறீர்களா?”

கடைசி வாங்கைப் பார்த்தேன். பழனியம்மா சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்து மூடியிருந்தார். பக்கத்தில் இராமர், வீங்கிய கால்களோடு, அந்தத் தாலியையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டியவர் அவர்தான்.

“ஓம்,” என்றேன். “அதை ஒருத்தியும் கட்டினதில்லை.”

இராமர் தலையைக் குனிந்துகொண்டார். பழனியம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.